பாவாயி வண்டியின் பிரேக்

ஜனவரி 6, திங்கள்

என் பெயர் செங்கோடன். இதை நானே எழுதினேன்.

ஜனவரி 7, செவ்வாய்

நேற்று எழுதிய வரியைக் காலையில் திறந்து பார்த்தேன். அப்படியே இருந்தது. மிகவும் சந்தோஷம்.

ஜனவரி 9, வியாழன்

இன்று நிறைய எழுதப் போகிறேன். டீ குடித்துவிட்டு உட்கார்ந்திருக்கிறேன்.

நான் நாமக்கல்லில் நாற்பது வருடத்துக்கு மேல் லாரிகளுக்குப் பிரேக் வேலை பார்த்தவன். இப்போது பட்டறை மகன் கையில் இருக்கிறது. இந்த டைரி அவனுக்கு ஃபைனான்ஸ்காரர்கள் கொடுத்தது. அவன் எல்லாவற்றையும் போனில் வைத்துக்கொள்கிறான். அதனால் டைரி எனக்கு வந்தது. கெட்டி அட்டை, நல்ல தாள்.

எழுத்துச் சொல்லிக்கொடுத்தது என் மனைவி பாவாயி. அவள் அந்தக் காலத்திலேயே அறிவொளி வகுப்பில் படித்தவள். சைக்கிள் ஓட்டவும் அங்கேதான் பழகினாள். சைக்கிள் எனக்குச் சிறு வயதிலேயே தெரியும். எழுத்துக்குத்தான் எழுபது வயது ஆகிவிட்டது. ‘ழ’ எழுதுவது எனக்கு மிகவும் பிடிக்கிறது. உள்ளே போய்ச் சுற்றிவிட்டு வெளியே வருகிறது. வாழை, மழை, கழுதை, கிழங்கு.

கை வலிக்கிறது. போதும்.

ஜனவரி 12, ஞாயிறு

என் நண்பன் அங்கமுத்து சேலத்திலிருந்து தன் லோடு ஆட்டோவில் இரண்டு பழைய சைக்கிள்களைக் கொண்டுவந்தான். அவன் முப்பது வருடம் லாரி ஓட்டியவன். அந்த லாரிகளுக்கெல்லாம் நான்தான் பிரேக். ஏற்காட்டில் ஒரு பங்களாவைக் காலி செய்தபோது இந்தச் சைக்கிள்கள் பழைய இரும்புக் கடைக்கு வந்தனவாம். வெள்ளைக்காரப் புருஷனும் பெண்டாட்டியும் ஊர் ஊராகச் சுற்றிய வண்டிகள். தூரம் போவதற்கென்றே செய்தவை. ஆண் வண்டி ஒன்று, பெண் வண்டி ஒன்று. ஹேண்டில்பார் ஆட்டுக்கொம்பு போல வளைந்து கீழே இறங்குகிறது. பெயின்ட் எல்லாம் போய்விட்டது. ஆனால் பிரேமைத் தட்டினால் வெண்கலக் கிண்ணம் மாதிரிச் சத்தம் வருகிறது.

பாவாயி பெண் வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தாள். சீட்டைத் தடவினாள். பிறகு அங்கமுத்துவிடம் சொன்னாள்: “ஏனுங்ணா, இதுல கொல்லிமலையில இருந்து எறங்கலாமுங்களா?”

“எழுபது கொண்டை ஊசி வளைவு இருக்குது தங்கச்சி.”

“அது தெரியுமுங்க. எறங்கலாமான்னு கேட்டேன்.”

அங்கமுத்து என்னைப் பார்த்தான். “பிரேக்கு யாரு மாட்டறது? நம்ம செங்கோடன். அப்பறம் என்ன?”

அவள் என்னைப் பார்த்துச் சிரித்தாள். “அப்ப எறங்கறேன். அறிவொளியில எங்க கூட்டத்துல பொம்பளைங்க எல்லாம் எறங்குனாங்க. நான் மட்டும்தான் போகல.”

ஏன் போகவில்லை என்று அங்கமுத்து கேட்டான். அவள் குனிந்து பெடலைக் கையால் சுற்றிப் பார்த்தாள். எனக்கும் அது சரியாக ஞாபகம் இல்லை. பட்டறையில் வேலை அதிகமாக இருந்த காலம் அது.

ஜனவரி 14, செவ்வாய்

பொங்கல். நாள் பூராவும் கரும்பு. எழுதவில்லை.

ஜனவரி 19, ஞாயிறு

சைக்கிள்களைப் பிரித்துப் போட்டுவிட்டேன். முற்றம் முழுக்கப் பாகங்கள். மண்ணெண்ணெயில் ஊறப்போட்டுத் துடைத்தேன். நல்ல எஃகு. யாரோ பொறுமையாகச் செய்திருக்கிறார்கள்.

ஒரு சிக்கல். இந்தச் சக்கரங்களின் அளவுக்கு இப்போது டயர் கிடைப்பதில்லை. அதனால் கொஞ்சம் சிறிய அலுமினிய ரிம்கள் வாங்கிக் கம்பி கோத்தேன். சக்கரம் சிறியதானதால் பழைய பிரேக் கட்டை ரிம்மைத் தொடாமல் டயரில் போய் உரசுகிறது. விரல் நகத்தின் அகலம்தான் வித்தியாசம். ஆனால் பிரேக்கில் அந்த அகலம் மிகவும் பெரியது.

யோசிக்க ஒன்று கிடைத்துவிட்டது. மிகவும் சந்தோஷம்.

ஜனவரி 25, சனி

பிரேக் விஷயமாக ஆளாளுக்கு யோசனை சொல்கிறார்கள்.

மகன் சொன்னது: பிரேக் கட்டையைத் தாங்கும் இரும்புக் கையில் இருக்கும் துளையை அரத்தால் ராவிக் கீழே இழுத்துவிடலாம். நான் மறுத்துவிட்டேன். பிரேக் பாகத்தை ராவுகிறவன் என் பட்டறையில் ஒரு நாள் கூட இருந்ததில்லை.

அங்கமுத்து சொன்னது: பிரேமிலேயே குமிழ் பற்றவைத்து இரண்டு பக்கமும் தனித்தனிக் கையாக நிற்கும் பிரேக் மாட்டலாம். நல்ல பிரேக்தான். ஆனால் இவ்வளவு மெல்லிய பழைய குழாயில் நெருப்பு வைக்க எனக்கு மனமில்லை.

சைக்கிள் கடைக்காரர் சொன்னது: நம் ஊர்ச் சைக்கிளில் இருப்பது போலக் கம்பி பிரேக் போட்டுவிடலாம். இந்த ஆட்டுக்கொம்பு ஹேண்டில்பாரில் கம்பியை எங்கே ஓட்டுவது?

நான் முடிவு செய்தது: கேபிள் பிரேக்தான், ஆனால் கை நீளமானது. சேலத்தில் ஒரு பழைய கடையில் இரண்டு செட் இருந்தன. இப்போது கட்டை ரிம்மின் நடுவில் சரியாக உட்காருகிறது.

பாவாயியிடம் யாரும் யோசனை கேட்கவில்லை. அவள் சமையலில் இருந்தாள்.

ஜனவரி 29, புதன்

பிரேக்கின் கை நீளமாக இருந்தால் அழுத்தும்போது வளையும். வளைந்தால் பிடி குறையும். இதற்கு ஒரு வழி கண்டுபிடித்தேன். ரப்பர் கட்டையைத் தூக்கிப் போட்டுவிட்டேன். லாரி பிரேக்குக்கு ஒட்டும் லைனிங்கை அறுத்து, தேய்த்து, எட்டுச் சின்னக் கட்டைகள் செய்தேன். இருபது டன் லாரியை நிறுத்துகிற சரக்கு. பாவாயியின் எடை எனக்குத் தெரியும். இருபது டன்னை விடக் குறைவு.

கட்டையின் முன் நுனி ரிம்மை முதலில் தொட வேண்டும். இல்லாவிட்டால் கீச்சென்று கத்தும். ஃபைனான்ஸ்காரரின் விசிட்டிங் கார்டைப் பின் நுனியில் செருகி வைத்து முடுக்கினேன். சரியான இடைவெளி. அவர்கள் கார்டு ஒன்றுக்காவது உதவியது.

இரண்டு வண்டியையும் ஓட்டிப் பார்த்தேன். நின்றது. நான் பிடித்தால் நிற்காதது எது?

பிப்ரவரி 2, ஞாயிறு

எழுத விருப்பமில்லை. ஆனால் டைரி திறந்திருக்கிறது.

பாவாயி காலையில் தன் வண்டியை எடுத்தாள். எங்கள் தெரு சரிவு. அடியில் மொத்த முட்டைக் கடை. கடைக்கு முன்னால் ஒரு ஆட்டோ குறுக்கே வந்தது. நான் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் இரண்டு கையாலும் பிரேக் பிடிப்பது எனக்கு இங்கிருந்தே தெரிந்தது. வண்டி நிற்கவில்லை. ஆட்டோவை விட்டு ஒதுங்கி நேராக முட்டை அட்டைகளுக்குள் போனாள்.

முட்டைக் கடைக்காரர் ஓடிவந்து முதலில் அவளைத் தூக்கினார். அதன் பிறகுதான் முட்டையைப் பார்த்தார். நல்ல மனிதர். பாவாயிக்கு இடது மணிக்கட்டு வீங்கிவிட்டது. முழங்கையில் சிராய்ப்பு. தலை முடியெல்லாம் மஞ்சள் கரு.

“பிரேக்கு புடிச்சேனுங்க” என்றாள். “அது புடிக்கல.”

பிப்ரவரி 3, திங்கள்

எலும்பில் ஒன்றுமில்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். கட்டுப் போட்டிருக்கிறார்கள்.

அவளுக்குக் கையில் பலம் போதவில்லை. நான் ஓட்டியபோது நின்றதே. இதை அவளிடமும் சொன்னேன்.

அவள் தட்டைக் கழுவிக்கொண்டிருந்தாள், ஒரு கையால். திரும்பாமலே சொன்னாள்: “சரிங்க. நீங்க பிரேக்கு மாட்டுன வண்டியில இனி நான் ஏறல. கை சரியானதும் சைக்கிள் கடையில குடுத்து வேற மாட்டிக்கறேன்.”

“எவன் மாட்டுவான் என்னை விட?”

“என்னெ உக்கார வெச்சுப் பாத்து மாட்டறவன் மாட்டுவான்.”

கோபமாகச் சொல்லவில்லை. காய்கறி வாங்கிவரச் சொல்வது போலச் சொன்னாள்.

எனக்கு ஒன்றும் இல்லை. இந்த ஊர் லாரிகள் எல்லாம் என் பிரேக்கை நம்பி எத்தனை மலை இறங்கியிருக்கின்றன. ஒரு சைக்கிள் போனால் போகட்டும். இரவு சாப்பாடு இறங்கவில்லை. குழம்பில் உப்புக் கூடுதல்.

பிப்ரவரி 4, செவ்வாய்

குழம்பில் உப்பு சரியாகத்தான் இருந்தது என்று மகன் சொல்கிறான்.

பிப்ரவரி 6, வியாழன்

இன்று ஒன்றும் இல்லை.

பிப்ரவரி 8, சனி

அங்கமுத்து வந்தான். பெண் வண்டியைக் கவிழ்த்துப் போட்டுப் பின் சக்கரத்தைச் சுற்றினான். பிரேக் பிடித்தான். மறுபடி சுற்றினான். அவன் கை என் கையை விடப் பெரியது.

“செங்கோடா, இந்த லைனிங் எப்படா கவ்வும்?”

“சூடானா கவ்வும்.”

“லாரி மலையில எறங்கறப்ப டிரம்மு கொதிக்கும், கவ்வும். தங்கச்சி முட்டைக் கடைக்குப் போறதுக்குள்ள என்னத்தடா சூடாகும்? குளுந்து கெடக்கற லைனிங்கு வழுக்கத்தான செய்யும்.”

“நான் ஓட்டறப்ப நின்னுச்சு.”

“நீ ஸ்பேனர் புடிச்சே கை இரும்பாப் போனவன். உன் புடிக்குக் கொரங்கு கூட நிக்கும்.”

நான் ஸ்பேனரை எடுத்துத் துடைத்தேன். அவன் விடவில்லை. “ஒண்ணு கேக்கறேன். இத்தன வருசம் பட்டறையில பிரேக்கு முடிச்சுக் குடுத்தியே, ஒரு நாளாவது ‘அங்கமுத்து, ஏறி மிதிச்சுப் பாரு, உன் காலுக்குச் செரியா இருக்குதா’ன்னு கேட்டிருக்கியா?”

“எதுக்குக் கேக்கறது? பிரேக்கு லாரிக்குப் போடறது. டிரைவருக்கா போடறாங்க?”

“அதான்டா. நாங்க எங்க காலெ உன்ற பிரேக்குக்குப் பழக்கிக்கிட்டோம். ரெண்டு நாள் ஆகும். திட்டிக்கிட்டே பழகுவோம். தங்கச்சி எதுக்குப் பழகோணும்?”

திட்டினார்களா என்று கேட்டேன். நிறைய என்றான். எல்லாரும் என்றான். இத்தனை வருடத்தில் என் காதுக்கு வந்ததே இல்லை.

அவன் போன பிறகு ரிம்மை வெளிச்சத்தில் பார்த்தேன். சுற்றிலும் கோடு கோடாகக் கீறல். லைனிங்கில் இருக்கும் பித்தளைத் துகள் அலுமினியத்தைத் தின்றிருக்கிறது. கட்டையிலும் அலுமினியப் பொடி ஏறி மினுமினுத்தது. இப்படியே விட்டிருந்தால் கொஞ்ச நாளில் ரிம் காகிதமாகியிருக்கும்.

முட்டை அட்டைகள் அங்கே இருந்தது நல்லது. சுவராக இருந்திருந்தால்?

பிப்ரவரி 10, திங்கள்

எட்டு லைனிங் கட்டைகளையும் கழற்றிவிட்டேன். மெத்தென்ற நல்ல ரப்பர் கட்டை வாங்கினேன். என் வண்டிக்கும் அதையே போட்டுக்கொண்டேன். கடையில் நாலு ஜோடியாகச் சேர்த்துத்தான் கொடுத்தார்கள்.

பிப்ரவரி 13, வியாழன்

பாவாயியின் கைக்கட்டைப் பிரித்துவிட்டார்கள். வீக்கம் வடிந்துவிட்டது.

மூன்று நாளாக ஒன்று கேட்க வேண்டும் என்றிருந்தேன். காலையில் கேட்கலாம் என்று இருந்தேன், அவள் கோலம் போட்டாள். மதியம் கேட்கலாம் என்று இருந்தேன், பக்கத்து வீட்டுக்காரர்கள் வந்துவிட்டார்கள். கல்யாணத்துக்குக் கூட நான் அவளை நேரில் கேட்கவில்லை. என் அம்மாதான் போய்க் கேட்டார்.

பிப்ரவரி 14, வெள்ளி

கேட்டுவிட்டேன்.

“பாவாயி, வண்டி மேல கொஞ்சம் உக்காந்து பாக்கறயா? ஓட்ட வேண்டாம். நான் புடிச்சுக்கறேன்.”

அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். “எதுக்குங்க?”

“உன் கை எங்க வருதுன்னு பாக்கோணும்.”

பிறகு முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு வந்து ஏறினாள். நான் வண்டியைப் பிடித்துக்கொண்டேன்.

அப்போதுதான் பார்த்தேன். ஆட்டுக்கொம்பு ஹேண்டில்பாரில் லீவர் எங்கேயோ கீழே இருக்கிறது. குனிந்து எட்டினால் அவள் விரல் நுனி மட்டும்தான் லீவரைத் தொடுகிறது. நுனி விரலால் எவ்வளவு அழுத்தினாலும் எவ்வளவு வரும்? அன்று அந்தச் சரிவில் இப்படித்தான் பிடித்திருக்கிறாள்.

“இவ்வளவு தூரம் எட்டலேன்னு அன்னைக்கே சொல்லியிருக்கலாமல்ல?”

“கேட்டீங்களா?”

இல்லை.

பிப்ரவரி 16, ஞாயிறு

மிகவும் நல்ல நாள். இதை மெதுவாக எழுத வேண்டும்.

பாவாயி வண்டியின் ஆட்டுக்கொம்பைக் கழற்றிவிட்டு நேரான ஹேண்டில்பார் மாட்டினேன். லீவரும் மாற்றினேன். கைப்பிடிக்குப் பக்கத்திலேயே நிற்கும் சின்ன லீவர். அவள் வலது கை பலமானது. முன் பிரேக்கை எந்தக் கைக்கு வைக்க என்று கேட்டேன். வலது கைக்கு என்றாள். வைத்தேன். வீங்கிய கைக்குப் பின் பிரேக். கேபிள் எங்கேயும் மடங்காமல் அகலமாக வளைத்துக் கொண்டுபோனேன். மடங்கினால் உள்ளே உரசும். உரசினால் அந்த உரசலுக்கும் சேர்த்து அவள் கைதான் உழைக்க வேண்டும்.

பிறகு வண்டியை ஸ்டாண்டில் போட்டு அவளை உட்கார வைத்தேன். நான் தரையில் உட்கார்ந்து சக்கரத்தைக் கையால் சுற்றினேன். அவள் நிறுத்தினாள்.

“எப்படி?”

“கடைசியில போயித்தான் புடிக்குது. கொஞ்சம் முன்னாலயே புடிக்கோணும்.”

கேபிளை இழுத்து முடுக்கினேன். சுற்றினேன்.

“இப்ப வெடுக்குன்னு புடிக்குது. எனக்குப் பூட்டு வேண்டாமுங்க, பிரேக்குதான் வேணும். மெதுவா ஆரம்பிச்சு மெதுவா நிக்கோணும்.”

தளர்த்தினேன். சுற்றினேன். அவள் கண்ணை மூடிக்கொண்டாள். எதற்கு என்று கேட்டேன். கண்ணைத் திறந்திருந்தால் சக்கரத்தைப் பார்த்துவிட்டுச் சொல்வாளாம், மூடினால் கையைக் கேட்டுச் சொல்வாளாம்.

“இன்னும் கொஞ்சோண்டு.”

கால் திருகு.

“இன்னும்.”

அதில் பாதி.

“போதும். தொடாதீங்க. இதான்.”

நான் பிடித்துப் பார்த்தேன். என் கைக்கு அது வெண்ணெய் மாதிரி இருந்தது. இந்தப் பிரேக்கை நானாக இருந்தால் பட்டறையை விட்டு வெளியே அனுப்பியிருக்க மாட்டேன். அவள் ‘இதான்’ என்றாள். நட்டை முடுக்கிவிட்டேன்.

மகன் பட்டறையிலிருந்து வந்து பார்த்தான். “என்னப்பா, அம்மா சொல்லச் சொல்ல நீங்க செய்யறீங்க?” என்று சிரித்தான். “போடா, போயி உன் டிரைவருங்களை ஏறி மிதிச்சுப் பாக்கச் சொல்லு” என்றேன். அவனுக்குப் புரியவில்லை.

பாவாயி வண்டியில் ஏறுவதாகச் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

பிப்ரவரி 20, வியாழன்

மதியம் தூங்கி எழுந்தால் முற்றத்தில் பெண் வண்டி இல்லை. சட்டையைத் தேடினேன். கிடைக்கவில்லை. பனியனோடு தெருவுக்கு ஓடினேன். செருப்பும் மாறிவிட்டது.

அவள் தெருவின் அடியிலிருந்து வண்டியைத் தள்ளிக்கொண்டு மேலே வந்துகொண்டிருந்தாள். மூச்சு வாங்கியது. ஹேண்டில்பாரில் கறிவேப்பிலைக் கட்டு.

“கறிவேப்பில வாங்கப் போனேன்” என்றாள்.

எங்கள் கொல்லையிலேயே கறிவேப்பிலை மரம் இருக்கிறது. கட்டு கீழே விழாமல் நான் வாங்கிக்கொண்டேன்.

பிப்ரவரி 23, ஞாயிறு

பாவாயி அங்கமுத்துவுக்குப் போன் செய்தாள். அடுத்த ஞாயிறு அவன் லோடு ஆட்டோ காலியாக இருக்குமா என்று கேட்டாள். என்னிடம் இன்னும் சொல்லவில்லை. பக்கத்து அறையில் இருந்தேன், கேட்டது. அதற்குப் பிறகு இரண்டு வண்டியின் நட்டு எல்லாவற்றையும் ஒரு முறை பார்த்தேன். மாலையில் இன்னொரு முறை. பின் சக்கரத்தில் சேலை மாட்டாமல் இருக்க வலை கட்டினேன்.

மார்ச் 2, ஞாயிறு

காலையில் அங்கமுத்து ஆட்டோவில் இரண்டு சைக்கிளையும் ஏற்றிக்கொண்டு கொல்லிமலை மேல் இருக்கும் சோளக்காட்டுக்குப் போனோம். குளிர். பாவாயி சேலைக்கு மேல் என் பழைய ஸ்வெட்டரைப் போட்டிருந்தாள். அன்னாசிப் பழம் விற்கிற பெண்கள் எங்களைப் பார்த்துச் சிரித்தார்கள். ஒருத்தி, “ஆத்தா, பஸ்ஸு வருமே, எதுக்கு இது?” என்றாள். பாவாயி, “பஸ்ஸுல எறங்கறதுன்னா எப்பவோ எறங்கியிருப்பேன்” என்றாள். அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியவில்லை. அவர்களுக்குத் தெரிந்தது போல இருந்தது.

அங்கமுத்து ஒரு பாடம் எடுத்தான். “பிரேக்கப் புடிச்சுக்கிட்டே வராதீங்க. ரிம்மு சூடாயி டியூபு வெடிச்சிரும். புடி, விடு. புடி, விடு. ஒருக்கா முன்னால, ஒருக்கா பின்னால. வளைவுக்கு முன்னாலயே வேகத்தக் கொறை. வளைவுக்குள்ள போயிப் புடிக்காத.” அவன் ஆட்டோவோடு எங்களுக்குப் பின்னால் வந்தான்.

சாலையில் மணல் கிடக்கிறதா என்று பார்ப்பதற்காக நான் முன்னால் போனேன். அடிக்கடி திரும்பியும் பார்த்தேன். மணல் பின்னாலும் கிடக்கலாம். ஒவ்வொரு வளைவிலும் பாவாயி மெதுவாக, சாலையின் ஓரத்தைப் பிடித்தபடி வந்தாள். ஒரு பக்கம் பாறை. இன்னொரு பக்கம் பள்ளம், அடியில் காரவள்ளித் தென்னந்தோப்புகள் தீப்பெட்டி அளவில் தெரிந்தன.

பத்துப் பன்னிரண்டு வளைவு கழிந்ததும் அவள் என் பக்கத்தில் வந்தாள்.

“ஏனுங்க, திரும்பித் திரும்பிப் பாத்தீங்கன்னா நீங்கதான் உளுவீங்க. நவுருங்க, நான் முன்னால போறேன்.”

நகர்ந்தேன். போய்விட்டாள்.

அதற்குப் பிறகு எனக்கு அவள் முதுகும் என் ஸ்வெட்டரும்தான் தெரிந்தன. ஒரு வளைவில் மறைவாள், அடுத்த வளைவில் கீழே தெரிவாள். நல்ல வேகம்தான். பாதி மலைக்குக் கீழே ஒரு வளைவு மற்றதை விடக் குறுகல். அவள் அதற்குள் திரும்பும் நேரத்தில் கீழிருந்து பஸ் சத்தம். ஹாரன். பஸ்ஸின் மூக்கு சாலை முழுவதையும் எடுத்துக்கொண்டு வளைவுக்குள் வந்தது.

பாவாயி நின்றாள். வழுக்கவில்லை, குலுங்கவில்லை. சக்கரம் மெதுவாகி மெதுவாகி, ஓரச் சுவருக்குப் பக்கத்தில் நின்றது. ஒரு காலைத் தரையில் ஊன்றினாள். பஸ் அவளைத் தாண்டி மேலே போகும்வரை டிரைவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அவர் தலையை ஆட்டினார். அவளும் ஆட்டினாள். மறுபடி மிதித்துப் போய்விட்டாள்.

மேலே இருந்த நான் எப்போதோ நின்றிருந்தேன். இரண்டு பிரேக்கையும் முழுக்க இறுக்கிப் பிடித்திருந்தேன். விரல்களை ஒவ்வொன்றாகப் பிரிக்க வேண்டியிருந்தது. அங்கமுத்து பின்னாலிருந்து ஹாரன் அடித்து, “செங்கோடா, விடுறா, தங்கச்சி போயாச்சு!” என்று கத்தினான்.

நான் அடிவாரத்துக்கு வந்தபோது அவள் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். எனக்கும் டீ சொல்லிவைத்திருந்தாள். குரங்குக் குட்டி ஒன்று தன்னோடு ஓடிவந்ததைச் சொன்னாள். மிளகுக் கொடி வாசம் வந்த இடத்தைச் சொன்னாள். பஸ் டிரைவர் யாரோ பழகின முகமாகத் தெரிந்ததாம். கன்னம் சிவந்திருந்தது. நிறுத்தாமல் பேசினாள். நான் அவளுடைய ரிம்மைத் தொட்டுப் பார்த்தேன். இளஞ்சூடு. கட்டை சீராகத் தேய்ந்திருந்தது. அவள் பிரேக்கைப் பற்றி ஏதாவது சொல்வாள் என்று இருந்தேன். பலாக்காய் எவ்வளவு மலிவு என்று சொன்னாள்.

அங்கமுத்து ஆட்டோவை ஓரம் கட்டிவிட்டு வந்தான். “அப்பறம், பிரேக்கு எப்படி இருந்துச்சு தங்கச்சி?”

“பிரேக்குங்களா?” அவள் கொஞ்சம் யோசித்தாள். “அதப் பத்தி நெனைக்கவே இல்லீங்ணா.”

அங்கமுத்து என்னைப் பார்த்தான். நான் டீக்கடைக்காரரிடம் இன்னொரு டீ வேண்டும் என்றேன். முதல் டீ இன்னும் குடிக்காமல் என் கையிலேயே இருந்தது.